கேள்வி – பதில்: நெறியாளர் எழுதிய காதல் கணக்கு

கேள்வி: பிரெஞ்சுத் திரைப்பட நெறியாளர் ரொஜர் வடிம் எழுதிய நினைவுக்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டக்களப்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். பிரிஜித் பார்தோ, கத்தரீன் தெனேவ், ஜேன் பொண்டா ஆகிய மூவருடனும் வாழ்ந்த கதையை அதில் சொல்கிறார். இதை வாசிப்பது அடுத்த வீட்டு யன்னலில் எட்டிப் பார்ப்பது ஆகாதா?
– வாசகி, கல்லடி

பதில்: எட்டிப் பார்ப்பதுதான்; ஆனால் யன்னலைத் திறந்து வைத்தவர் வடிம். 1986இல் வெளிவந்த அந்த நூலின் ஆங்கிலத் தலைப்பே மூன்று நடிகைகளின் பெயர்களையும் வரிசையாக அடுக்கி, உலகின் பேரழகிகள் மூவருடன் தாம் வாழ்ந்ததாகப் பறைசாற்றுகிறது. அந்த அட்டையைக் கண்டதும் எனக்கு வேட்டைக்காரர் வீட்டுச் சுவரில் மாட்டிய மான்கொம்புகளே நினைவுக்கு வந்தன.

ஆயினும் அதில் வாசிக்கத்தக்க பகுதி உண்டு. பெற்றோரின் எதிர்ப்பால் பதினெட்டு வயதாகும்வரை காத்திருந்த பார்தோவை 1952இல் மணந்த வடிம், 1956இல் அவரைக் கதாநாயகியாக்கிய படத்தின் மூலம் உலகப் புகழுக்கு உயர்த்தினார். அப்படப்பிடிப்பின்போதே பார்தோ தம்முடன் நடித்த ழான் லூயி திரந்தினியானைக் காதலிக்கத் தொடங்கிவிட்டார். மனைவியும் அவருடைய புதிய காதலரும் தழுவிக்கொள்ளும் காட்சிகளைக் கணவரே நின்று நெறிப்படுத்த வேண்டியிருந்தது. மறு ஆண்டே விவாகரத்தும் நிகழ்ந்தது. திரைத்தொழிலின் விசித்திரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

மற்றவை ஒருதலைச் சாட்சியம். தெனேவ், வடிமை மணக்காமலே 1963இல் அவருக்கு ஒரு மகனைப் பெற்றவர்; தம் அந்தரங்கத்தைப் பொதுவில் பேச விரும்பாதவர். அவர் காத்த மௌனத்தை வடிம் தம் விருப்பப்படி நிரப்பிக்கொண்டார். 1965 முதல் 1973 வரை அவருடைய மனைவியாக இருந்த பொண்டாவோ 2005இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, தாய்வழி வந்த பணம் கணவரின் சூதாட்டத்தில் கரைந்ததையும், வேறு பெண்களைப் படுக்கையறைக்கு அழைத்துவந்ததற்குத் தாம் மனம் ஒவ்வாமலே இணங்கியதையும் மறைக்காமல் சொன்னார். வடிம் 2000ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டதால் அதற்கு அவரிடமிருந்து மறுமொழி இல்லை.

பெண்கள் எழுதினால் நீதி பிறழாது என்றும் எண்ணிவிட வேண்டாம். 1996இல் பார்தோ வெளியிட்ட நூலில் மகனைக் கருவுற்றிருந்த காலத்தைப் பற்றிக் கொடிய சொற்களில் எழுதியதால், அந்த மகனும் அவனுடைய தந்தையான, வடிமுக்குப் பின் வந்த முன்னாள் கணவரும் வழக்குத் தொடர்ந்து நட்டஈடு பெற்றனர். ஆகவே வடிமை வாசித்த கையோடு பொண்டாவையும் வாசியுங்கள்.

கேள்வி: நம்மவர்கள் ஏன் இப்படி எழுதுவதில்லை?
– வாசகர், கல்முனை

பதில்: கண்ணதாசன் ‘வனவாச’த்தில் தம் சறுக்கல்களை ஒளிக்காமல் எழுதவில்லையா? அவர் குற்றக்கூண்டில் முதலில் தம்மையே நிறுத்தினார் என்பதே வேறுபாடு. நமது கூத்துக் களரியிலோ வழிவழியாகப் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி ஆடியமையால், இத்தகைய நூலை எழுத கூத்தைப் பழக்கி ஆட்டும் எந்த அண்ணாவியாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை!