தொழில் கேள்வி: தேன்குழல் நமத்துப் போனால் யார் குற்றம்?

கேள்வி: அண்ணே, வணக்கம். காரைக்குடியில் பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்பும் ஒரு கடையில் மேற்பார்வை பார்க்கிறேன். கொஞ்ச நாளாக, தேன்குழல் நமத்துப் போய் வருகிறது என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் மேல் போன். மனகோலம், சீப்புச்சீடைக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றுக்கும் கவர் ஒன்று, சீல் மெஷின் ஒன்று, சீல் போடும் பிள்ளையும் ஒருத்திதான். கவனக்குறைவு என்று முதலாளி ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டார். புதிதாக வந்தவளுக்கும் இப்போது அதே திட்டு. காலையில் மனகோலமும் சீடையும் முடித்துவிடுவோம். தேன்குழலுக்கு மில்லிலிருந்து மாவு வரவே மதியம் ஆகிவிடும். சாயங்காலம் சுட்டு, ராத்திரி பார்சல் வண்டிக்குள் பாக்கெட் போட்டாக வேண்டும். 'ரூட் காஸ் அனாலிசிஸ்', அதாவது கோளாறின் மூல காரணத்தைத் தேடும் முறை, கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார் என் கொழுந்தனார். நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். என்னால் முடியுமா?
வாசகி, காரைக்குடி.

பதில்: முடியும், தங்கச்சி. பாதி வேலையை உங்கள் கடிதமே செய்துவிட்டது.

பிரேக் பாகங்கள் செய்யும் ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் நான். காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தால் அந்த அறிக்கையை எங்கள் மேலாளர் மேலே படிக்காமல் திருப்பிவிடுவார். அந்தச் சொல்லை எழுதியதும் தேடல் நின்றுவிடும். ஆள் மாறும், கோளாறு மாறாது. உங்கள் இடத்தில் நடந்திருப்பது அதுதான். ஒரு பிள்ளையின் பிழைப்பு போயிருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

'ஏன்' என்று கேட்பதற்கு முன்னால் 'எதில் இருக்கிறது, எதில் இல்லை' என்று எழுதிப் பாருங்கள். கெப்னர், டிரெகோ என்ற இரண்டு அமெரிக்கர்கள் வகுத்த முறை இது. நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் தேன்குழல், வலப்பக்கம் மனகோலம். கவர், மெஷின், சீல் போடும் கை எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. மனகோலம் பாகு பிடித்த பண்டம், ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும். சீலில் ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்திருந்தால் அதுவல்லவா முதலில் பிசுபிசுத்திருக்க வேண்டும்? ஆக, சீல் மேல் சந்தேகம் வெகுவாகக் குறைகிறது. அந்தப் பிள்ளை மேலும்தான்.

இரண்டு பக்கமும் வேறுபடுவது எது? காலையில் போட்டது ஆற அவகாசம் கிடைக்கிறது. தேன்குழல் சட்டியிலிருந்து வந்த சூட்டோடு கவருக்குள் போகிறது. உள்ளே ஆவி கட்டி, ஆறியபின் அந்த ஈரத்தைத் தேன்குழலே குடித்துவிடும். என் முதல் சந்தேகம் இதுதான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. வண்டிக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில், எண்ணெயில் சலசலப்பு அடங்குமுன் அள்ளிவிட்டால் உள்ஈரம் போகாது. இரண்டில் எது என்று வாதாட வேண்டாம், சோதித்துவிடுங்கள்.

சலசலப்பு அடங்கும்வரை விட்டு எடுத்த ஒரே ஈட்டை இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கை வழக்கம்போல் சூட்டோடு கட்டுங்கள். மற்றதைத் தட்டில் பரப்பி, கையில் சூடு தெரியாத அளவுக்கு ஆறியதும் உடனே கட்டுங்கள். ராத்திரி முழுக்கத் திறந்து போட்டால் காற்றின் ஈரத்தில் அதுவே நமத்துவிடும், சோதனை கெட்டுவிடும். அதே பிள்ளை, அதே மெஷின். கவர் மேல் தேதியும் அடையாளமும் எழுதி ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டு முதலாளி முன்னால் பிரியுங்கள். சூட்டோடு கட்டியது மட்டும் நமத்திருந்தால் ஆவிதான். இரண்டுமே நமத்திருந்தால் மாவையும் கவரையும் பாருங்கள். இரண்டுமே மொறுமொறுவென்று இருந்தால் அவசரத்தில் அள்ளும் நாளில் என்ன நடக்கிறது என்று அடுப்பருகே நின்று பார்க்க வேண்டும்.

ஆவிதான் என்று தெரிந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஏன் சூட்டோடு கட்டுகிறோம்? சுட்டு முடிக்கவே இருட்டிவிடுகிறது. ஏன்? மாவு மதியம்தான் வருகிறது. ஏன்? அரிசி எப்போது மில்லுக்குப் போகிறது, யார் கொண்டுபோகிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். முதல் நாளே அரைத்து வைக்க முடிந்தால் வேலை வரிசையே மாறும், தேன்குழல் காலையிலேயே முடியும். இது சீல் போடும் பிள்ளை எடுக்கிற முடிவா? முதலாளி எடுக்க வேண்டியது.

அதுவரைக்கும் தேன்குழலை மட்டும் ஒரு நாள் தள்ளி, ஆறவைத்துக் கட்டி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். சோதனையில் உண்மை தெரிந்ததும், நிறுத்திய பிள்ளையைத் திரும்பக் கூப்பிடும்படி முதலாளியிடம் நீங்களே கேளுங்கள். கையில் நோட்டு இருக்கும்போது அவரால் தட்ட முடியாது.

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். வேலைக்கான நேர்காணலில் 'ஃபைவ் ஒய் தெரியுமா, ஃபிஷ்போன் தெரியுமா' என்றார்கள். எங்கே படிப்பது?
வாசகர், தேவகோட்டை.

பதில்: ஃபைவ் ஒய், அதாவது ஐந்து முறை 'ஏன்' கேட்பது, ஜப்பானில் தறி செய்த சகிச்சி டொயோடாவின் பழக்கம். டொயோட்டா கார் ஆலையில் அதைப் பரப்பியவர் தைச்சி ஓனோ. அவர் சொன்ன உதாரணம் இது: மெஷின் நின்றது, ஃபியூஸ் போயிருந்தது. பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை, பம்பு சரியாக இழுக்கவில்லை, அதன் தண்டு தேய்ந்திருந்தது. கடைசியில் பார்த்தால் வடிகட்டி இல்லாமல் உலோகத்தூள் உள்ளே போயிருந்தது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடி நின்றிருக்கும். ஐந்து என்பது கணக்கல்ல, மூன்றிலும் முடியும், ஏழும் ஆகலாம். ஃபிஷ்போன் என்பது ஜப்பானியத் தர நிபுணர் இஷிகாவாவின் படம். ஆள், மெஷின், பொருள், முறை, அளவீடு, சூழல் என்று காரணங்களை மீன்முள் போலப் பிரித்து எழுதுவது. அதில் எழுதுவதெல்லாம் சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. நேர்காணலில் இதைச் சொல்லுங்கள்.

ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் தர மேலாண்மைப் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் விருது வாங்கியதே, அதைப் பற்றியும் தேடிப் படியுங்கள். நம் ஊர்க்காரர்கள் இந்த முறைகளைப் பழகியது தெரியும். பிறகு உங்கள் தெருவில் அடிக்கடி மோட்டார் எரியும் ஒரு வீட்டைப் பிடித்து, அனுமதி கேட்டு, ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அடுத்த நேர்காணலுக்கு அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.