கேமிங் கணினி: விளம்பரத்தில் 12 ஜிபி, பெட்டிக்குள் 8 ஜிபி

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்காளராகப் பணிபுரிகிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகனுக்காக, பெங்களூருவில் உள்ள ஒரு நிறுவனம் தானே அசெம்பிள் செய்து தன் இணையதளத்தில் விற்கும் கேமிங் கணினி ஒன்றை 86,000 ரூபாய் கொடுத்து என் பெயரில் வாங்கினேன். இணையதளத்தில் 'ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. 650 வாட் 80 பிளஸ் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ்' என்று போட்டிருந்தார்கள். முதலாவது கிராபிக்ஸ் கார்டு, இரண்டாவது கணினிக்கு மின்சாரம் தரும் பாகம். 80 பிளஸ் பிரான்ஸ் என்பது அந்தப் பாகத்தின் மின் திறனுக்கான தரச்சான்று. பில்லில் 'கேமிங் பிசி, ஆர்டிஎக்ஸ் 3060' என்று மட்டுமே உள்ளது. மூன்றாவது வாரத்தில் இருந்து, கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி தானாக அணைந்துவிடுகிறது. மகன் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்ததில், உள்ளே இருப்பது 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு என்றும், எஸ்எம்பிஎஸ்ஸில் 80 பிளஸ் முத்திரையே இல்லை என்றும் தெரிந்தது. அன்றே மின்னஞ்சலில் புகார் செய்தோம். 'மூடியைத் திறந்ததால் வாரண்டி போய்விட்டது. பில்லில் 12 ஜிபி என்று இல்லை. எஸ்எம்பிஎஸ் வேறு கம்பெனி தயாரிப்பு, அவர்களைக் கேளுங்கள். உங்கள் மகன் யூடியூபில் கேம் ஒளிபரப்புவதால் இது வணிகப் பயன்பாடு. வழக்கு என்றால் பெங்களூருவில்தான் போட வேண்டும்' என்று பதில் வந்தது. வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? கிடைத்தால், அடுத்த முறை எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் வழக்கு வலுவானது. ஆனால் அதன் வலு, கணினி அணைந்துவிடுகிறது என்பதைவிட, சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு என்பதில்தான் இருக்கிறது. அணைந்துபோவதற்கான காரணத்தைத் தொழில்நுட்ப ஆய்வின் மூலம் நிரூபிக்க வேண்டியிருக்கும். விளம்பரத்துக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டையோ இரண்டு தாள்களை அருகருகே வைத்தாலே நுகர்வோர் ஆணையம் பார்த்துவிடும். ஆகவே புகாரில் முதலில் வர வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. எஸ்எம்பிஎஸ் இரண்டாவதாக வரட்டும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைப் புகாரிலேயே விளக்குங்கள், ஏனெனில் ஆணையத்தின் உறுப்பினர்கள் கேம் விளையாடுபவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் சந்தையில் உள்ளன. 2021இல் வந்ததில் 12 ஜிபி நினைவகமும் 192 பிட் இணைப்பும் உண்டு. 2022இல் வந்ததில் 8 ஜிபி நினைவகமும் 128 பிட் இணைப்பும்தான். இதனால் நினைவகத்திலிருந்து தரவு வரும் வேகம் நொடிக்கு 360 ஜிகாபைட்டிலிருந்து 240 ஜிகாபைட்டாகக் குறைந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர் எவருக்கும் இது தெரிந்த விஷயம். எனவே 'எங்களுக்கே தெரியாது' என்ற வாதம், தானே அசெம்பிள் செய்து விற்கும் நிறுவனத்தின் வாயிலிருந்து வந்தால் எடுபடாது. மகனை ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஒருமுறை இயக்கச் சொல்லுங்கள். கார்டின் நினைவக அளவு, இணைப்பு அகலம் இரண்டும் ஒரே திரையில் தெரியும். அந்தத் திரையைத் தேதியுடன் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதன்பின் கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள்.

நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொருளை ஏற்க மறுப்பதாகத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வாங்குநர், அதை ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் பிரிவு 42 கருதுகிறது. நீங்கள் மூன்று வாரம் பயன்படுத்தியது உங்களுக்கு எதிராகாது. குறை மூடிய கேபினட்டுக்குள் இருந்தது, ஆராய்ந்து பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது என்று பிரிவு 41 சொல்கிறது. ஆனால் குறை தெரிந்த பிறகும் தொடர்ந்து பயன்படுத்தினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார். ஆகவே இந்த வாரமே 'பொருளை ஏற்க மறுக்கிறேன்' என்ற சொற்களோடு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அப்படித் தெரிவித்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில், உங்கள் செலவில் பெங்களூருவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. பிரிவு 43 அதைத் தெளிவாகவே சொல்கிறது.

இனி, அவர்கள் சொன்ன ஐந்து காரணங்கள். பில்லில் 12 ஜிபி என்று இல்லை என்பதே அவற்றில் முக்கியமானது. ஒப்பந்தம் என்பது பில் மட்டுமே அன்று. எந்த விவரத்தைக் காட்டிப் பொருள் விற்கப்பட்டதோ அந்த விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 15. பொருளின் தரம், வகை பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(47)இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. அதற்கும் மேலாக, தன் சரக்கைத் தானே இணையத்தில் விற்கும் நிறுவனம், விளம்பரப்படுத்திய அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் 7ஆவது விதி கட்டளையிடுகிறது. எனவே உங்களுக்கு வேண்டியது அந்த விளம்பரத்தின் சான்று. ஆர்டர் உறுதி செய்து வந்த மின்னஞ்சல், அன்று எடுத்த ஸ்கிரீன்ஷாட், வாங்கும் முன் வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அந்த உரையாடல் ஆகியவற்றைத் தேடுங்கள். '12 ஜிபி தானே?' என்ற கேள்விக்கு 'ஆமாம் ப்ரோ' என்று ஒரு வரி பதில் வந்திருந்தாலும் அது பில்லைவிட மதிப்புள்ள ஆவணம். இணையப் பக்கத்தை அவர்கள் எந்நேரமும் மாற்றிவிடலாம் என்பதால், இப்போதும் அந்த விவரம் அங்கே இருந்தால் இன்றே முகவரியும் தேதியும் தெரியும்படி சேமித்துவிடுங்கள்.

இவையெல்லாம் மின்னணு ஆவணங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்களுக்கு முழுமையாகக் கட்டுப்பட்டதன்று என்றாலும், 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், 2023இன் பிரிவு 63இல் கூறப்படும், மின்னணு ஆவணம் எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிகூறும் சான்றிதழை இணைத்துவிடுவது நல்லது. பின்னால் மேல்முறையீடு என்று போனாலும் அந்தக் கேள்வி எழாது. அந்த உரையாடல் உள்ள கைபேசியை வழக்கு முடியும்வரை விற்கவோ அழிக்கவோ வேண்டாம்.

மூடியைத் திறந்ததால் வாரண்டி போய்விட்டது என்பது உங்கள் முக்கியமான புகாருக்குப் பதிலே ஆகாது. நீங்கள் வாரண்டியின் கீழ் பழுது பார்த்துத் தரக் கேட்கவில்லை. வேறு பொருளைக் கொடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். மூடியைத் திறந்ததால் 12 ஜிபி கார்டு 8 ஜிபியாக மாறிவிடாது. எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் இந்த வாதத்துக்குச் சிறிது இடம் உண்டு என்பதால், இனி உள்ளே எதையும் தொட வேண்டாம், எந்தப் பாகத்தையும் மாற்றிப் பார்க்கவும் வேண்டாம்.

'எஸ்எம்பிஎஸ் வேறு கம்பெனி தயாரிப்பு' என்று பலரும் கைகழுவுவதைப் பார்க்கிறேன். வாங்கியவர்களும் அதை நம்பி, பாகத்துக்கு ஒரு கம்பெனி என்று அலைகிறார்கள். இது என்னை வருத்தப்படுத்துகிறது, ஏனென்றால் சட்டம் இந்த இடத்தில் மிகவும் தெளிவாக இருக்கிறது. பிறர் தயாரித்த பாகங்களை ஒன்றுசேர்த்துப் பொருளாக்குபவரும் 'உற்பத்தியாளர்' என்றே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(24) வரையறுக்கிறது. ஆகவே உங்களுக்கு விற்ற நிறுவனம் விற்பனையாளர் மட்டுமல்லாமல், அந்தக் கணினியின் உற்பத்தியாளரும்தான். பாகத்தின் கம்பெனியோடு உள்ள கணக்கை அவர்கள் தனியாகத் தீர்த்துக்கொள்ளட்டும்.

யூடியூப் பற்றிய வாதமும் நிற்காது. வாங்கியவரின் சம்மதத்துடன் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்பதால் பில் உங்கள் பெயரிலும் கணினி மகனிடமும் இருப்பது பிரச்சினையே இல்லை. வணிக நோக்கம் எது என்பது ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் பொறுத்தது என்று 1995இல் லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துவதைச் சட்டமே வணிக நோக்கத்திலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறது. படிக்கும் பையன் ஓய்வு நேரத்தில் விளையாடுவதை ஒளிபரப்புவதால் மட்டும் வீட்டுக் கணினி வணிகப் பொருளாகிவிடாது. இருப்பினும் அதில் வருமானம் ஏதும் வந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். புகாரிலேயே உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

பெங்களூரு என்ற மிரட்டலைப் பொருட்படுத்தாதீர்கள். புகார்தாரர் வசிக்கும் இடத்தில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 உரிமை தந்திருக்கிறது. பில்லின் கீழே எதை அச்சிட்டாலும் அந்த உரிமை போகாது. உங்களுக்கு ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

எஸ்எம்பிஎஸ் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு அதன் தயாரிப்பாளரான என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். கார்டு மட்டுமே 170 வாட் வரை இழுக்கக்கூடியது. சாதாரண வேலையில் ஓடும் கணினி, கேம் தொடங்கி மின் தேவை ஏறியதும் அணைகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகம் வருவது இயல்பே. ஆனால் சூடேறுவதும், வேறு பாகத்தின் கோளாறும்கூட இதே விளைவைத் தரும். ஆகவே புகாரில் 'எஸ்எம்பிஎஸ் பழுது' என்று அடித்துச் சொல்லாமல், 'விளம்பரத்தில் சொன்ன 80 பிளஸ் பிரான்ஸ் தரச்சான்று இல்லாத எஸ்எம்பிஎஸ் பொருத்தப்பட்டுள்ளது. கணினி சுமை ஏறும்போது அணைகிறது' என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். ஆய்வு தேவைப்பட்டால், பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறும் அதிகாரம் பிரிவு 38(2)இன்படி ஆணையத்துக்கு உண்டு. அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட நேரிடலாம்.

செயல்முறை கடினமானதல்ல. ஏற்க மறுக்கும் கடிதத்தை, 86,000 ரூபாயை 15 நாளுக்குள் திருப்பித் தரக் கோரும் அறிவிப்பாகவே எழுதி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் பெற்றதை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது மின்வணிக விதி. இணையாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அவர்களால் உத்தரவிட முடியாது என்றாலும், வழக்குக்கு அஞ்சும் நிறுவனங்கள் பல அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. தீர்வு கிடைக்காவிட்டால் நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் புகாரைத் தாக்கல் செய்யுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் புகார்க் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடவும் செய்யலாம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாளும் அதற்கு மேல் 15 நாளும் மட்டுமே அவகாசம். 45 நாளுக்கு மேல் ஆணையம் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு முடிவு செய்துவிட்டது. வழக்கை மூன்று மாதத்திலும், ஆய்வகச் சோதனை இருந்தால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக ஆகும் என்ற எண்ணத்தோடு தயாராகுங்கள்.

கோரிக்கையில் விலையை வட்டியுடன் திருப்பித் தருவதை முதலாவதாகவும், அதற்கு மாற்றாக விளம்பரப்படி 12 ஜிபி கார்டும் தரச்சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ்ஸும் கொண்ட கணினியைத் தருவதை இரண்டாவதாகவும் கேளுங்கள். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் அளவான தொகையைக் கேட்டால் போதும். 86,000 ரூபாய்க் கணினிக்கு 10 லட்சம் இழப்பீடு கேட்கும் புகார்களை நான் ஊக்குவிப்பதில்லை. அது நல்ல வழக்கின் நம்பகத்தன்மையைக் குறைக்கிறது.

அடுத்த முறை வாங்கும்போது, பணம் கட்டும் முன், ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனிப் பெயர், முழு மாடல் எண், அளவு ஆகியவற்றோடு கொட்டேஷன் வாங்குங்கள். '16 ஜிபி ரேம்' என்றால் ஒரே ஸ்டிக்கா, 8 ஜிபி ஸ்டிக் இரண்டா. '1 டிபி எஸ்எஸ்டி' என்றால் வேகமான என்விஎம்இ வகையா, அதைவிட மெதுவான சாட்டா வகையா. எஸ்எம்பிஎஸ் எந்த மாடல். இவற்றைச் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். விலை குறைப்பு பெரும்பாலும் நடப்பது இந்த இடங்களில்தான். அதே விவரமும் சீரியல் எண்களும் ஜிஎஸ்டி பில்லிலோ அதன் இணைப்பிலோ வரட்டும். விண்டோஸ் உரிமம் விலையில் அடக்கமா என்பதும், பாகங்களின் கம்பெனி வாரண்டியை யார் மூலம் பெறுவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

எந்த கேம்களை, எந்தத் திரை அளவில் ஓட்ட வேண்டும் என்பதை விற்பவரிடம் நீங்களே மின்னஞ்சலில் எழுதி, அதற்கேற்ற கணினியைச் சொல்லும்படி கேளுங்கள். வாங்குபவர் தன் தேவையைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனை சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 16இன்படி ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடுகிறது. குறிப்பிட்ட வணிகப் பெயரையும் மாடலையும் நீங்களே சொல்லி வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது.

புகார் தாக்கல் செய்ய இரண்டு ஆண்டுக் கால அவகாசம் உண்டு. ஆனால் பில்லில் காலம் குறிப்பிடாதபோது 30 நாளுக்குள் குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது தனியொரு நேர்மையற்ற வணிக நடைமுறை என்பதால், நீங்கள் மூன்றாவது வாரத்தில் அனுப்பிய அந்த முதல் மின்னஞ்சலை, அவர்களுடைய பதிலோடு சேர்த்து, புகாரின் முதல் ஆவணமாக இணையுங்கள்.