எத்தனை எண்ணினாய்?

அன்புள்ள ஐயா,

வரும் அக்டோபரில் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில், முந்தாகா என்ற கடற்கரை ஊரில் நடக்கும் ஓர் அலைக் கயாக் போட்டிக்கு, அதாவது சிறு துடுப்புப் படகில் உட்கார்ந்து அலைமேல் சறுக்கும் போட்டிக்கு, போகிறேன். கோவையில் பிறந்தவள், வேலைக்காகச் சென்னைக்கு வந்தபின் நான்கு ஆண்டுகளாகக் கோவளத்தில் துடுப்புப் போடுகிறேன். நீங்கள் அந்தப் பகுதியின் பில்பாவோ நகரில் வாழ்ந்த காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததால் கேட்கிறேன். கயாக்கை இங்கிருந்து கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? அடியில் ஃபின் எனும் செதில் உள்ள குட்டைப் படகா, ஃபின் இல்லாத நீளப் படகா? தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறேன், நீச்சல் குளத்தில் கவிழ்ந்த படகைத் துடுப்பால் நிமிர்த்தும் ரோலை ஐம்பது முறை செய்கிறேன், இது போதுமா? அம்மா பயந்து அழுகிறார். கட்டுமரம் என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாம், கடல் நம் இரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை.

கே.

அன்புள்ள கே,

சென்ற மாதம் நான் வளர்ந்த கரைக்குப் போயிருந்தேன். அலைச்சறுக்குப் பலகைகளுடன் வந்த ஐந்து இளைஞர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அன்றைக்கு அலை எப்படி இருக்கிறது என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதில் உடற்பயிற்சி இருக்கிறது, படகு இருக்கிறது, இரத்தம்கூட இருக்கிறது. கடலைப் பார்த்ததாக மட்டும் ஒரு வரியும் இல்லை.

இரத்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டுமரத்தைக் கண்டவர்கள் நீங்களும் நானும் அல்லர், கரையோரத்து மீனவர்கள். அவர்கள் பேருந்தில் ஏறினால் கூடை நாறுகிறது என்று முகம் சுளித்த குடும்பங்களில் பிறந்த நாம், ஆங்கில அகராதியில் அவர்களுடைய சொல் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் ‘நாம்’ என்று ஒட்டிக்கொள்கிறோம். உங்கள் அம்மா அதை நம்பாதது அவருடைய அறிவைக் காட்டுகிறது.

என் அப்பா பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு குப்பத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். கட்டுமரத்தில் ஒருமுறை போய்வர வேண்டும் என்று எனக்குப் பன்னிரண்டு வயதில் பித்துப் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கெஞ்சியபோது, கரையில் உட்காரச் சொல்லிவிட்டு வலை பிரிக்கப் போய்விட்டார். வெயில் ஏறியபின் திரும்பிவந்து, “எத்தன எண்ணுன?” என்று கேட்டார். எதை எண்ணுவது என்றே எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு வா என்றார். மறுநாள் அலைகளை எண்ணினேன். முந்நூறுக்கு மேல் ஒரு தொகையைப் பெருமையாகச் சொன்னபோது சிரித்துவிட்டு அனுப்பினார். பெரிய அலைகள் மூன்றோ நான்கோ சேர்ந்து வருகின்றன, அதன்பின் கடல் சற்று ஓய்கிறது, அந்த ஓய்வின் நீளம்தான் அவர் கேட்ட கணக்கு என்பது எனக்குப் பிடிபட ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் என்னை மரத்தின் நடுவில் மண்டியிட வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடியவர், எங்களை நோக்கி வந்த அலையைப் பார்க்கவே இல்லை; அதற்குப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது உங்கள் போட்டியோடு நேராகச் சம்பந்தப்பட்டது. ஹீட் எனும் ஒரு போட்டிச் சுற்று பெரும்பாலும் 20 நிமிடம்தான். பெரிய அலைகளின் கூட்டம் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகள். நடுவர்கள் கணக்கில் எடுப்பதும் உங்களுடைய சிறந்த சில அலைகளைத்தான். இது தெரியாதவர், கூட்டத்தின் முதல் அலைக்கே பாய்ந்து, அதைத் தவறவிட்டு, பின்னால் வரும் பெரியவற்றைத் தலையில் வாங்கிக்கொள்வார். பலகைக்காரர் அலைக்கு அடியில் மூழ்கித் தப்பிக்கலாம். 3 மீட்டர் படகில் இடுப்புவரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களால் அது முடியாது.

எண்ணும்போது ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியையும் குறியுங்கள். எட்டு விநாடிக்கு ஒன்றாக வரும் அலை ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு ஏறக்குறைய 100 மீட்டர் நீளம்; வட அட்லாண்டிக் புயலிலிருந்து 14 விநாடிக்கு ஒன்றாக வருவது 300 மீட்டர். கரையில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்போலத் தோன்றலாம். உடைந்து மேலே விழும்போது அவை ஒன்றல்ல.

இனி நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். சென்னையில் கடல்மட்டத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓத நாட்களிலும் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். அதனால் நான்கு ஆண்டுகள் துடுப்புப் போட்டும் நீங்கள் ஓதத்தைப் பொருட்படுத்தாமல் இருந்திருக்க முடியும். முந்தாகா இருக்கும் பிஸ்கே விரிகுடாவில் அதே நாட்களில் அது 4 மீட்டரைத் தாண்டும். கடல் சீராக ஏறுவதில்லை: ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, பிறகு இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்று போகும். அதாவது சென்னையில் ஆறு மணி நேரத்தில் ஏறும் நீர், அங்கே நடுவில் ஒரே மணி நேரத்தில் ஏறிவிடும். முந்தாகா அலை வற்றத்தில்தான் அழகாக உடையும். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அது வேறு கடலாகியிருக்கும்.

நான் அப்படித்தான் சாப்பிடப் போனேன். பில்பாவோவில் என் முதல் இலையுதிர்காலம். முந்தாகாவின் தேவாலயத்தருகே அட்டலாயா என்று ஒரு மேடு உண்டு. கடலைப் பார்ப்பதற்கென்றே முன்னோர் வைத்துக்கொண்ட காவல்மேடு. காலை எட்டு மணி வற்றத்தில் அங்கே நின்று, இடப்பக்கமாகச் சில நூறு மீட்டர் உருண்டோடும் அலையைக் கண்டு மயங்கினேன். படகு தேடி, வயிறார உண்டு, மூன்று மணிக்குத் துறைமுகத்தின் அருகே இறங்கினால் அலையே இல்லை. நீர் நிரம்பித் தளும்பியது. வரும் என்று காத்திருந்தேன். நான்கரை மணிக்குமேல் அங்கே கடலில் கலக்கும் ஓகா ஆற்றின் முகத்துவாரம் முழுவதும் காலியாகத் தொடங்கி, என்னைக் கடலில் உள்ள இசாரோ தீவின் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. உள்ளூர்க்காரர்கள் துறைமுகத்திலிருந்து அலைக்குப் போகச் சவாரியாகப் பயன்படுத்தும் அதே நீரோட்டம்தான். ஒன்றரை மணி நேரம் துடுப்புப் போட்டு, இருட்டும் வேளையில் எதிர்க்கரையான லைடாவில் ஒதுங்கினேன். எட்டு மணிக்கு நான் பார்த்தது அலையை, பார்க்காதது கடலை. பெரியவர் இருந்திருந்தால் நாளைக்கு வா என்றிருப்பார்.

பழைய காணொளிகளைப் பார்த்து அந்த அலையை மனப்பாடம் செய்துகொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். விட்டுவிடுங்கள். அதை உண்டாக்குவது பாறையல்ல, ஆறும் கடலும் சேர்ந்து குவிக்கும் மணல் திட்டு. 2003-இல் முகத்துவாரத்தில் மணலை அள்ளியபின் அலையே காணாமல் போய், 2005-இல் அங்கே நடக்கவிருந்த தொழில்முறை அலைச்சறுக்கு உலகச் சுற்றுப் போட்டி ரத்தானது. பிறகு மணல் சேர்ந்தது, அலை திரும்பியது; 2007-இல் அலைக் கயாக் உலகப் போட்டியும் அந்த பாஸ்க் கரையில்தான் நடந்தது. திட்டு இந்த அக்டோபரில் எங்கே இருக்கிறது என்பதை அந்த மேட்டிலிருந்துதான் நீங்கள் தெரிந்துகொள்ள முடியும்.

மற்றவை சில்லறை. குட்டைப் படகா நீளப் படகா என்றால், நான்கு ஆண்டுகள் எதில் உட்கார்ந்தீர்களோ அது. உடற்பயிற்சி போதும், கொஞ்சம் அதிகம்கூட. குளத்து ரோல் கைக்குப் பழக்கம் தரும். ஆனால் நுரையில் பாதி காற்று, துடுப்புக்குப் பிடி கிடைக்காது. கவிழ்ந்தால் உடலை முன்னால் மடித்து, அலை கடக்கும்வரை பொறுத்து, பிறகு எழுங்கள். அந்தப் பொறுமையைக் குளம் கற்றுத்தராது. குளிருக்கு ஒரு வெட் சூட் போதும். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. இதை மீறினால் புள்ளி போகும், பலகைக்காரர் யாராவது இருந்தால் அவருடைய பல்லும் போகும்.

அம்மாவிடம் இரத்தத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு விடியலில் கோவளத்துக்கு அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் எண்ணுவதை அவர் பார்க்கட்டும். அந்தப் பத்தாம் நாள் யாரோ சொல்லிக் கரைக்கு ஓடிவந்த என் அம்மா, மரம் மணலைத் தொட்டதும் என்னை இரண்டு அறை அறைந்துவிட்டுப் பெரியவரையும் ஏசினாள். அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “கணக்குப் பாத்துத்தாம்மா கூட்டிப் போனேன்” என்றார். அம்மாவுக்கு அந்தக் கணக்கு கடைசிவரை புரியவில்லை, ஆனால் அன்று மாலையே அவர் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையக் குழம்பு போயிற்று.

படகை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். விமானத்தில் அதை ஏற்றும் பணத்துக்கு இன்னும் சில நாள் தங்கலாம். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேருங்கள். காலையில் அட்டலாயாவின் கல் சில்லென்றிருக்கும், உட்கார ஒரு தடித்த துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.