என் சுபாவம்தான் காரணமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எட்டு மாதங்களாக, ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும் எங்கள் மேலாளர் நான் தயாரித்த அறிக்கையை எல்லோர் முன்னிலையிலும் தூக்கிக் காட்டி, "ஒன்பது வருடத்தில் கற்றுக்கொண்டது இதுதானா?" என்கிறார், பிழை எங்கே என்று கேட்டால் பதில் வருவதில்லை. என்னுடன் பணிபுரியும் ஒருவர் இத்தகைய பேச்சுக்கு அங்கேயே பதிலடி கொடுத்துவிட்டு, மதியம் நிம்மதியாகச் சாப்பிடுகிறார். எனக்கோ தொண்டை அடைத்துக்கொள்கிறது. இரவில் உறக்கம் இல்லை. "நீ இப்படிப் பயந்தவளாக இருப்பதால்தான் ஏறி மிதிக்கிறார்கள்" என்கிறார் என் கணவர். அது உண்மையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உண்மையில்லை. மேலாளரின் பேச்சை நீங்கள் எப்படித் தாங்குகிறீர்கள் என்பதில் உங்கள் சுபாவத்துக்குப் பங்கு உண்டு. அவர் அப்படிப் பேசுவதற்கு அவரும், அதைப் பார்த்தும் வாளாவிருக்கும் நிர்வாகமுமே பொறுப்பு. எளிதில் மனம் கலங்கும் இயல்புடையவர்கள் பணியிடத் துன்புறுத்தலைக் கூடுதலாக உணர்வதாக ஆய்வுகள் கூறுவது மெய்தான். ஆனால் நெடுநாள் அவமதிக்கப்படுபவர் எவரும் கலங்கியவராக மாறக்கூடும் என்பதால், எது முந்தியது என்பதை ஊழியர்களிடம் ஒரே ஒருமுறை வினாக்கள் கேட்டு நடத்தும் ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. 1980களில் சுவீடனில் இதை ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், பாதிக்கப்பட்டவரிடம் தென்படும் பதற்றத்தைத் துன்புறுத்தலின் விளைவாகவே கண்டார். வாரம் ஒருமுறையேனும், ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்வது என்று அவர் வகுத்த அளவை உங்கள் எட்டு மாதங்கள் கடந்துவிட்டன. அந்நாடு 1993இல் விதி வகுத்தபோதும், இதைத் தடுக்கும் கடமையை வேலை கொடுப்பவரிடமே வைத்தது.

ஆகவே சக ஊழியரைப் போல ஆக முயல வேண்டாம். பதிலடி அவருடைய இயல்புக்குப் பொருந்துகிறது, அதற்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதும் நமக்குத் தெரியாது. உங்களுடையது கணக்கெழுதிப் பழகிய கை. கூட்டம் முடிந்த அன்றே தேதி, நேரம், சொன்ன சொற்கள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். "இன்று தாங்கள் சுட்டிய பிழை எந்தப் பதிவில் உள்ளது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நம் நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடத்தில் நிகழும் பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டுமே உரியது. எனவே இந்தக் குறிப்புகளுடன் மனிதவளப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளியுங்கள்.

உறக்கமின்மையைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். உங்கள் கணவரிடம் இக்கடிதத்தைக் காட்டி, முதல் மின்னஞ்சலை எழுதும்போது அருகில் அமர்ந்திருக்கச் சொல்லுங்கள்.