இடுப்பு மூட்டு எத்தனை விழுக்காடு விலகியிருக்கிறது?

பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைகளின் இடுப்பு மூட்டைப் பற்றி, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயன்மருத்துவரின் பதில்கள்.

என் மகனுக்குப் பெருமூளை வாதம். இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும்?

வயதையும் எழுதவில்லை, பையன் நடக்கிறானா, பிடித்து உட்கார வைக்க வேண்டியவனா என்பதையும் எழுதவில்லை. நான் சோதிடன் அல்லன். பொதுவாக முதல் படம் 12 முதல் 24 மாதத்திற்குள் எடுக்கப்பட வேண்டும். அதன்பின் இடைவெளியை, ஐந்தாகப் பிரித்திருக்கும் இயக்கத் திறன் நிலையே முடிவு செய்கிறது. தடையின்றி நடக்கும் முதல் நிலைப் பிள்ளைகளிடம் மூட்டு விலகல் மிக அரிது. தலையைக்கூட நிறுத்த முடியாத ஐந்தாம் நிலையிலோ பத்தில் ஒன்பது பேருக்கு அது வருகிறது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் நிலைப் பிள்ளைகளை ஆறு மாதத்திற்கு ஒரு முறை பார்ப்பதே வழக்கம்.

மகளுக்கு வலியே இல்லை. எதற்கு வீண் அலைச்சல்?

இந்த மூட்டு ஓசையின்றி விலகும். வலி வரும் நேரத்தில் சிறிய சிகிச்சைக்கான காலம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

எக்ஸ்ரேயில் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் இடது கால் குட்டையாகத் தெரிகிறது. நாப்கின் மாற்றும்போது கால் விரிய மறுக்கிறது.

"ஒன்றுமில்லை" என்பது அளவு ஆகாது. தொடை எலும்பின் உருண்டைத் தலையில் எத்தனை விழுக்காடு, அது பொருந்தியிருக்க வேண்டிய இடுப்பெலும்புக் கிண்ணத்திற்கு வெளியே நிற்கிறது என்பதே கேள்வி. 30 தாண்டினால் எலும்பு மருத்துவர் பார்க்க வேண்டும். 40 தாண்டினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். அளப்பவருக்கு அளப்பவர் ஐந்து விழுக்காடு மாறக்கூடும் என்பதால், சென்ற முறை 28 ஆக இருந்தது இப்போது 31 ஆனதற்குப் பதறாமல், எண் தொடர்ந்து ஏறுகிறதா என்று பாருங்கள்.

அந்த எண்ணும் பிள்ளை படுத்திருந்த விதம் சரியாக இருந்தால்தான் செல்லும். ஒரு சிறுவனின் இரண்டு படங்கள் என்னிடம் வந்தன. ஒன்றில் 22, ஆறு மாதம் கழித்து 38. அம்மா அழுதுகொண்டே நின்றார். இரண்டாவது படத்தில் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன, இடுப்பும் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து முதுகின் வளைவைத் தணித்து, முட்டிச் சில்லு இரண்டும் கூரையைப் பார்க்க, கால்கள் இணையாக இருக்கும்படி மீண்டும் எடுத்தபோது 27 வந்தது. தோட்டத்திலிருந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஈப்போவுக்கு வரும் பெற்றோருக்கு, கோணலாக எடுத்த படத்தைக் கொடுத்தனுப்புவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. விழுக்காட்டைக் கேளுங்கள், தேதியோடு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் மகளுக்கு உடனே ஒழுங்கான படம் எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்தில் உருவுபவர், எண்ணெய் போட்டு மூட்டைத் தட்டி உள்ளே தள்ளலாம் என்கிறார்.

வேண்டாம். இழுத்துப் பிடிக்கும் தசையும் ஆழம் குறைந்த கிண்ணமும் சேர்ந்து விலக்கிய மூட்டு, தட்டினால் உள்ளே போகாது. நடக்காத பிள்ளைகளின் மெலிந்த எலும்பு முறியத்தான் செய்யும். இதமாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தவறில்லை.

போடோக்ஸ் ஊசி போட்டால் அறுவை சிகிச்சையைத் தவிர்க்கலாமா?

ஊசி சில மாதங்கள் தசையைத் தளர்த்தும், கழுவிவிடவும் உடுத்திவிடவும் எளிதாகும். மூட்டு விலகுவதை நிறுத்தும் என்று நம்பி எக்ஸ்ரேயைக் கைவிடாதீர்கள். சிறு வயதில், விலகல் குறைவாக இருக்கும்போது, உள்தொடைத் தசைகளை அறுத்துத் தளர்த்துவது சிலருக்குப் போதும். பின்னர் தொடை எலும்பை வெட்டித் திருப்பி, தேவைப்பட்டால் கிண்ணத்தையும் சீரமைக்க வேண்டிவரும். அதற்குப் பிறகும் மூட்டு மீண்டும் விலகக்கூடும் என்பதால் வளர்ச்சி முடியும் வரை எக்ஸ்ரே தொடரும்.

ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை இருந்தால் கட்டணம் உண்டா?

அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சைக் கட்டணத்தில் விலக்கு உண்டு. அட்டையோடு பழைய படங்களையும் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.