அன்பான மனைவி, பாசமான அம்மா... அப்புறம் என்ன எழுதறது?

கேள்வி: அம்மா போய் நாலு மாசம் ஆகுது. குடும்பத்துக்குள்ள கொடுக்க அவங்களப் பத்தி சின்னதா ஒரு புத்தகம் போடலாம்னு உக்காந்தேன். 'அன்பான மனைவி, பாசமான தாய், பேரப்பிள்ளைங்கன்னா உயிர்'னு எழுதினதோட நின்னுடுச்சு. அப்பாகிட்ட பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறார். என் பையனுக்கு ரெண்டு வயசு, பாட்டி ஞாபகமே இருக்காதேன்னு நினைச்சா அழுகையா வருது. எப்படி எழுதறது? - ஒரு மகள்

பதில்: நீங்க எழுதினதுல ஒண்ணும் தப்பில்லம்மா. ஆனா அது எல்லா அம்மாவுக்கும் பொருந்தும், அதான் மேல நகரல. அவங்க செஞ்ச ஒரு சின்ன காரியத்துல இருந்து ஆரம்பிங்க.

எங்கம்மாவோட மூக்குக்கண்ணாடில ஒரு பக்கம் திருகு விழுந்து ரொம்ப நாளாச்சு, அந்த இடத்துல கறுப்பு நூலைச் சுத்தி முடிச்சு போட்டு மாட்டிப்பாங்க, எங்க எல்லாருக்கும் கண்ணாடி மாத்தினாங்க, தனக்குன்னா மட்டும் 'இது போதும்டா'ம்பாங்க. அவங்க போனப்புறம் எடுத்துப் பாத்தேன். நாலு சுத்து, நுனியைப் பல்லால கடிச்சு அறுத்த பிசிறு அப்படியே இருக்கு. தியாகின்னு எழுதாம அந்த முடிச்சைப் பத்தி எழுதினேன், படிச்சிட்டு தம்பி போன் பண்ணி பேச முடியாம அழுதான்.

தியாகம் மட்டும் எழுதிடாதீங்க. அவங்க கோவம், பிடிவாதம், ஆசைப்பட்டு செய்யாம போனது எல்லாம் வரணும். இல்லன்னா நமக்காகவே பொறந்த மாதிரி ஆயிடும், அது அவங்களுக்கு நியாயமில்ல.

அப்பா எழுந்து போறத தப்பா எடுத்துக்காதீங்க. துக்கத்துல இருக்கறவங்க கொஞ்ச நேரம் அதுக்குள்ள போவாங்க, கொஞ்ச நேரம் வெளிய வந்து வேற வேலை பாப்பாங்க, இப்படி மாறி மாறித்தான் தாங்கிக்கறாங்கன்னு ஸ்ட்ரோப், ஷூட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1999லயே எழுதியிருக்காங்க. அதனால 'அம்மாவப் பத்தி சொல்லுங்கப்பா'ன்னு கேக்காதீங்க, பழைய போட்டோ ஒண்ணை பக்கத்துல வச்சிட்டு 'இது எங்க எடுத்ததுப்பா?'ன்னு மட்டும் கேளுங்க. வயசானவங்களுக்கு 10லேருந்து 30 வயசு வரைக்கும் நடந்ததுதான் அதிகமா ஞாபகம் இருக்கும், அதனால கல்யாணமான புதுசுல எடுத்ததா பாத்து எடுங்க. பேச ஆரம்பிச்சா அவர்கிட்ட கேட்டுட்டு போன்ல ரெக்கார்ட் போடுங்க. அன்னைக்கும் எழுந்து போயிட்டா விட்டுடுங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம்.

பையன் விஷயம் உண்மைதான், பொதுவா மூணு வயசுக்கு முன்னாடி நடந்தது பெரியவங்க ஆனப்புறம் ஞாபகம் வராது. அவனுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும். அம்மா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஏதாவது இருந்தா இன்னைக்கே காப்பி எடுத்து ரெண்டு மூணு இடத்துல வைங்க, போன் மாத்தும்போது இதுதான் மொதல்ல காணாம போகும். 'சாப்டியா'ன்னு கேட்ட மெசேஜ்கூட அழிக்காதீங்க. போட்டோ பின்னாடி யாரு, எந்த வருஷம்னு எழுதும்போது பென்சிலால லேசா எழுதுங்க, பேனா மை நாளாக ஆக ஊறி முன்பக்கம் வந்துடும்.

உங்க லெட்டர ரெண்டு தடவை படிச்சேன்மா, அவங்க பேரு எங்கயுமே இல்ல. புத்தகத்துல மொத வரி அதுவா இருக்கட்டும்.