எம்.எக்ஸ். பதிவும் வந்து சேராத மின்னஞ்சலும்: கேள்வி பதில்

கேள்வி: இணையதளத்தைப் புதிய ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம். தளம் நன்றாக இயங்குகிறது. நேற்றிலிருந்து அலுவலக மின்னஞ்சல் மட்டும் வரவில்லை. ஏன் ஐயா?

பதில்: நேம்சர்வரையே, அதாவது டொமைனின் பதிவுகளை வைத்திருந்து கேட்பவருக்குச் சொல்லும் சர்வரையே, மாற்றியிருப்பீர்கள். உங்கள் டொமைனுக்கு வரும் கடிதத்தை எந்தச் சர்வரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்வது எம்.எக்ஸ். பதிவு. அனுப்பும் சர்வர் அந்தப் பெயரை டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் பெயர் அடைவில்) கேட்டறிந்து, அதன் ஐபி முகவரிக்கு 25ஆம் போர்ட்டில் போகும். உங்கள் பதிவு பழைய நேம்சர்வரில் கிடக்கிறது. இனி அதை யாரும் கேட்கப்போவதில்லை. எம்.எக்ஸ். இல்லாவிட்டால், டொமைனின் ஏ பதிவு காட்டும் சர்வருக்கே, அதாவது இணையதளம் இருக்கும் இடத்துக்கே, கடிதம் போகும். உங்கள் அஞ்சல்பெட்டி அங்கே இல்லையே! பழைய எம்.எக்ஸ்., டிஎக்ஸ்டி (எழுத்துக் குறிப்பு) பதிவுகளைப் புதிய இடத்திலும் எழுதுங்கள். நேம்சர்வரைத் தொடுவதற்கு முன் எல்லாப் பதிவுகளையும் படியெடுத்து வையுங்கள்.

கேள்வி: எம்.எக்ஸ். பதிவில் சர்வர் பெயருக்கு முன் வரும் 10, 20 என்ற எண்களில் பெரியதற்குத்தானே முன்னுரிமை?

பதில்: இல்லை. சிறியதற்கு.

கேள்வி: எம்.எக்ஸில் ஐபி முகவரி தரலாமா?

பதில்: கூடாது. பெயர்தான் தர வேண்டும். அது சிநேமாகவும் (CNAME, வேறொரு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயர்) இருக்கக் கூடாது.

கேள்வி: மாற்றம் நடைமுறைக்கு வர எவ்வளவு நேரம்?

பதில்: டிடிஎல் (பதிவைப் பிற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், விநாடியில்) 3600 என்றால் ஒரு மணி நேரம். முந்தைய நாளே 300 ஆகக் குறைத்துவிடுங்கள். படியெடுத்துவிட்டீர்களா?

கேள்வி: காப்புக்கு இரண்டாவது எம்.எக்ஸ். வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வீண் செலவு. உங்கள் சர்வர் படுத்துவிட்டால், அனுப்பிய சர்வர் கடிதத்தை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாள் முயல வேண்டும் என்கிறது 2008இல் வந்த மின்னஞ்சல் விதிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 5321. காப்புச் சர்வரில் வடிகட்டல் பலவீனமாக இருக்கும் என்று குப்பை அனுப்புவோருக்குத் தெரியும். வேண்டுமென்றே பெரிய எண்ணுக்கு வருவார்கள்.

மறுப்பு: நான் ஒப்பமாட்டேன். எல்லோரும் ஐந்து நாள் காத்திருப்பதில்லை. அவசர ஓடிபி என்னாவது?

பதில்: ஓடிபி காப்புச் சர்வரில் காத்துக்கிடந்தால் மட்டும் உங்கள் பெட்டிக்கு வந்துவிடுமா? அனுப்பியவரிடம் கிடந்தாலும் காப்பில் கிடந்தாலும் காலாவதிதான்.

மறுப்பு: இரண்டும் ஒரே பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தால்?

பதில்: வடிகட்டலும் பயனர் பட்டியலும் ஒன்றாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை, இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள். ஆனால் உங்களிடம் விற்க வருவது அதுவல்ல.

கேள்வி: நாங்கள் அனுப்புவது ஸ்பேமில் விழுகிறது. எம்.எக்ஸை மாற்றவா?

பதில்: அது வரும் கடிதத்துக்கு. கடிதம் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று பெறுபவர் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் பாருங்கள். எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம்.

கேள்வி: நேம்சர்வரை மாற்றினேன், மின்னஞ்சல் நின்றுவிட்டது...

பதில்: முதல் பதில். தயவுசெய்து.

கேள்வி: வெளிக் கடிதங்கள் எல்லாம் வருகின்றன. எங்கள் தளத்தின் தொடர்புப் படிவம் அனுப்புவது மட்டும் வரவில்லை.

பதில்: நல்ல கேள்வி. ஹோஸ்டிங் சர்வர் உங்கள் டொமைனைத் தனதென்று எண்ணி, எம்.எக்ஸைக் கேட்காமலே உள்ளுக்குள் போட்டுக்கொள்கிறது. சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகம்) மின்னஞ்சல் ரூட்டிங்கை ‘ரிமோட்’ ஆக்குங்கள். வராத கடிதங்களை அங்குள்ள பழைய பெட்டியில் தேடுங்கள்.